சாரம் போர்த்திய இஞ்சின்

எனக்கு வயிறெரிச்சல் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிக்கிறவர்கள் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்து ஏமாறக்கூடாது. ஊரில் யார் வீடு கட்டினாலும், யாருடைய பிள்ளை வெளிநாடு போனாலும் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஒரே ஒருத்திக்கு மட்டும் நல்லது நடக்கக்கூடாது. நடந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவள் என்னுடைய உயிர்ச் சிநேகிதி.

நான் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் அம்மாவோடும் அண்ணனோடும் இருக்கிறேன். அண்ணன் கடற்றொழில். நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதுகிறேன். அவள் உயிலங்குளத்தில் இருக்கிறாள், வயற்காரரின் மகள். அவளும் இதே தொழில்தான். பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்புக்கு மன்னார்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் நாங்கள் இரண்டே பேர். அதனால் ஹொஸ்டலில் ஒரே அறை, ஒரே அலுமாரி, ஒரே வாளி.

முதல் விடுமுறையில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்றைக்கு நடந்ததை இப்போதே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வரப்போகிற வில்லங்கம் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் கரையில் படகை மணலில் இழுத்து விட்டதும், பின்னால் பூட்டியிருக்கும் இஞ்சினைக் கழட்டித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். படகு கரையில் கிடக்கும், இஞ்சின் வீட்டில் கிடக்கும். கள்ளர் பயம் ஒரு காரணம். மற்றது, எந்த நேரமும் பழுது பார்க்க வேண்டிய சாமான் கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்னறை மூலையில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு மரத்தாங்கியில் அதைப் பூட்டி, அண்ணன் இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றால் போர்த்தி வைப்போம்.

அவள் நல்ல வெயிலுக்குள்ளிருந்து உள்ளே வந்தாள். கண் இருட்டியிருக்க வேண்டும். மூலையில் சாரம் போர்த்தி உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டினாள், கையைக் கூப்பினாள்.

"வணக்கம் ஐயா. சுகமா இருக்கிறீங்களோ?" என்றாள்.

அம்மா குசினி வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் அகப்பை கீழே விழுந்தது. "அவர் சும்மா கதைக்க மாட்டார் பிள்ளை, மண்ணெண்ணெய் விட்டால்தான் வாய் திறப்பார்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு இஞ்சினுக்கு ஐயா என்றே பெயர். அவள் எப்போது போன் எடுத்தாலும் அம்மாவை விசாரிப்பதற்கு முதல் "ஐயா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்பாள். "காபரேற்றர் அடைச்சுப் போச்சு", "இருமிக்கொண்டு கிடக்கிறார்" என்று நானும் சொல்லுவேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விரிவுரையாளர் தந்த ஒப்படை எதையும் என்னிடம் காட்டாமல் கொடுக்க மாட்டாள். கட்டில் விளிம்பில் லப்டொப்பை வைத்து, "பார்த்துச் சொல்லு" என்பாள். நான் பிழை பிடிப்பதில் கெட்டிக்காரி. மூன்று இடத்தைக் காட்டுவேன், அவள் திருத்துவாள், "நீ சொன்னால் சரி" என்று சொல்லி மூடுவாள். கடைசியில் என்னைவிடக் கூடப் புள்ளி எடுப்பாள். எனக்குப் பற்றி எரியும். ஆனால் கூடப் புள்ளி எடுத்தவள் அடுத்த முறையும் என்னிடம்தான் வருவாள். அவள் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் போகிற வழியில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போகிறாள் என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் காலம் தள்ளினேன்.

படிப்பு முடிந்து இருவரும் ஊருக்கு வந்த பிறகு ஒரே நிரல்மொழியில் விழுந்தோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. உலகமெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து காசு வாங்காமல் சும்மா வளர்க்கிற மொழி, அவர்களை மொழிக்காரர் என்போம். அதை நிறுவும்போது கூடவே ஒரு பெட்டிச் சாமான் வரும். எழுத்து, எண், திகதி, கோப்பு என்று எல்லோருக்கும் தேவையானவை அதற்குள் இருக்கும். நியம நூலகம் என்பது அதைத்தான். பெட்டிக்குள் இல்லாததை வெளியில் யாராவது எழுதிப் போட்டிருப்பார்கள். தேவையானவர்கள் தேடி இறக்கிக்கொள்வார்கள். அப்படி வெளியில் கிடக்கும் துண்டு ஒவ்வொன்றையும் மொடியூல் என்போம்.

நான் ஒரு மொடியூல் எழுதினேன். இணையத்தில் ஒரு முகவரியைக் கொடுத்தால் அங்கே போய், கதவைத் தட்டி, பாதுகாப்புப் பூட்டைத் திறந்து, கேட்டதை வாங்கிக்கொண்டு வந்து தரும். ஏவலுக்கு ஓடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது முதலில் வந்தது. இதை எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்வேன். அடுத்த வருடம் அவள் அதே வேலைக்குத் தன்னுடையதை எழுதினாள். என்னுடையதில் எல்லாப் பாதுகாப்பும் இருந்தது, பாவிக்கத்தான் ஆளில்லை. யாரோ ஒரு மனுசன் மட்டும் எங்கிருந்தோ மாதம் ஒருக்கால் குறை எழுதுவான். அவளுடையது சின்னது, பிடிக்க இலகுவானது, சிரித்த முகம். ஊர் உலகமெல்லாம் அதை எடுத்தது. போதாக்குறைக்கு, விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே "இதை எனக்குப் பழக்கியவள் என் சிநேகிதி" என்று எழுதி, என்னுடைய மொடியூலுக்கு வழி வேறு காட்டியிருந்தாள். நன்றி சொல்லியே என்னைக் கொன்றாள்.

காலையில் தேத்தண்ணி குடிக்க முதல் அவளுடையதை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பார்த்த பிறகு தேத்தண்ணி கசக்கும்.

ஒருநாள் முருங்கன் பஸ் நிலையத்திலிருந்து போன் எடுத்தாள். பின்னால் பஸ்காரன் மதவாச்சி, மதவாச்சி என்று கத்திக்கொண்டிருந்தான்.

"மொழிக்காரர் கேட்டிருக்கினமடி. என்ர மொடியூலை நியம நூலகத்துக்குள்ள எடுக்கலாமோ எண்டு."

நியம நூலகம் என்றால் சும்மாவா? அந்த மொழி போகிற இடமெல்லாம் அவளும் போவாள். ஒருவரும் தேடி இறக்கத் தேவையில்லை. நிறுவின உடனே அவள் அங்கே இருப்பாள்.

"எனக்கு ரெண்டு மனமாக் கிடக்கு" என்றாள். "நான் சனிக்கிழமையில படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில இன்ரநெற் ஒழுங்கா வராது. பெட்டிக்குள்ளயே எல்லாம் இருந்தால் அந்தப் பிள்ளையளுக்கு எவ்வளவு நல்லம். ஆனா உனக்குத் தெரியும்தானே, இணையத்துப் பூட்டுகள் மாறிக்கொண்டே இருக்குது. உள்ளுக்குப் போனால் வருசத்துக்கு ஒருக்காத்தான் புதுசு வெளியில விடுவினம். இடையில பூட்டு மாறினால் என்ன செய்யிறது? நீ சொல்லு. விடலாமோ? நீ சொன்னால் சரி."

என்னுடைய மனதிலிருந்த பதில் வேண்டாம் என்பதுதான். அது வயிறெரிச்சல் சொன்ன பதில் மட்டுமில்லை, படித்த மூளையும் அதையேதான் சொன்னது. அடிக்கடி மாறுகிற சாமானை அசையாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டக்கூடாது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் என் எரிச்சல் குரலில் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். ஆகவே தேன் ஒழுக, "இதில யோசிக்க என்ன கிடக்கு? ஓம் எண்டு சொல்லு. இப்பிடிச் சந்தர்ப்பம் ஆருக்குக் கிடைக்கும்?" என்றேன்.

"மெய்யாவோ?"

"மெய்தான்."

"சரி. பஸ் வந்திட்டுது, ஐயாவைக் கேட்டதாச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அம்மா படுத்த பிறகு, மொழிக்காரர் பொதுவில் கருத்துக் கேட்ட பக்கத்தைத் திறந்தேன். எல்லோரும் ஓம், ஓம், நல்லது என்று எழுதியிருந்தார்கள். நான் ஒரு புதுக் கணக்குத் திறந்தேன். பொய்ப் பெயர், படம் இல்லை, ஊர் இல்லை. இருந்து எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எழுதினதே இல்லை.

இந்த மொடியூலில் குறையில்லை என்று தொடங்கினேன். ஆனால் இது இன்னும் வளர்கிற பிள்ளை. பூட்டுகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. பெட்டியோ வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். திறந்தாலும் கந்தோர், கம்பனிகளில் உள்ளவர்கள் பழைய பெட்டியையே வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். உள்ளே போன சாமானின் பிடியை, அதாவது அதைக் கூப்பிடுகிற முறையை, பிறகு மாற்றவும் ஏலாது, ஏனென்றால் உலகமே அந்தப் பிடியைப் பிடித்திருக்கும். இவ்வளவும் எழுதியும் எனக்குப் போதவில்லை. இன்னும் ஒன்று வேண்டும், வாசிக்கிறவன் நெஞ்சில் குத்தி நிற்க வேண்டும். அப்போது முன்னறை கண்ணில் பட்டது.

"மீனவர் படகைக் கரையில் விடுவார், இஞ்சினைக் கழட்டித் தோளில் வீட்டுக்குக் கொண்டுபோவார். அது மாதா படத்துக்குக் கீழே, பழைய சாரம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு தூங்கும். ஏனென்றால் அடிக்கடி பழுது பார்க்க வேண்டியதைப் படகோடு சேர்த்து வார்க்கக்கூடாது. நியம நூலகம் படகு. இது இஞ்சின்."

இதுதான் நான் எழுதியது, ஆங்கிலத்தில். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. நாங்களே ஹொஸ்டலில் ஒரு பென்டிரைவை நாலு பேர் மாறி மாறிப் பாவித்துப் படித்தவர்கள். தெரிந்துகொண்டே விட்டேன். உலகத்துக் கரையெல்லாம் இஞ்சினைக் கழட்டி மாதாவுக்குக் கீழேதான் வைப்பார்கள் என்று நினைத்த முட்டாள் நான்.

எழுதினது பற்றிக்கொண்டது. ஓம் என்று எழுதியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, யோசிக்க வைத்துவிட்டீர்கள் என்றார்கள். எழுதியவர் ஏதோ குளிர்நாட்டுக் கிழட்டு மாலுமி என்று ஒருத்தன் ஊகித்தான், மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் மொழிக்காரர் அந்த இஞ்சின் பந்தியை அப்படியே எடுத்துப் போட்டு, மொடியூல் வெளியிலேயே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் எதை உள்ளே எடுக்கச் சொன்னாலும், "இது படகோ, இஞ்சினோ?" என்று யாராவது கேட்பார்கள். நான் பிறந்து வளர்ந்து எழுதினதில் உலகம் மதித்தது அந்த ஒன்றைத்தான். அதை என்னுடையது என்று சொல்ல வாயில்லை. இல்லாத ஒரு கிழவன் என் புகழை வைத்துக்கொண்டு இருந்தான், அவன்மீதும் எனக்கு எரிச்சல் தொடங்கியது.

அவள் போன் எடுத்தாள்.

"கிடைக்கேல்லையடி. பரவாயில்லை. ஆரோ வடிவா எழுதியிருக்கினம். வாசிச்சனியோ?"

"இல்லை" என்றேன்.

"வாசிச்சுப் பார். நல்ல எழுத்து" என்று சொல்லி வைத்தாள். ஐயாவை அவள் விசாரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு வந்த போன்களில் சுகம் கேட்டாள், மழை பெய்ததைச் சொன்னாள், கல்யாண வீட்டுக் கதை சொன்னாள். "பார்த்துச் சொல்லு" என்பது மட்டும் வரவில்லை. பெரிய ஆளாகிவிட்டாள், இனி நான் எதற்கு என்று நானே ஒரு காரணம் பிடித்து, அதற்கும் சேர்த்து எரிந்தேன்.

அண்ணனுக்காக நான் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். வானிலைத் தளம் ஒன்றுக்குப் போய், காற்று எந்தப் பக்கம், கடல் எவ்வளவு எழும்புது என்று வாங்கி, காலையில் அவருடைய போனுக்குச் செய்தியாக அனுப்பும். ஏவலுக்கு ஓடுகிறது என்னுடைய மொடியூல்தான். ஒருநாள் அண்ணன் பல் தீட்டிக்கொண்டே வந்து, "என்ன, காத்துச் செய்தி ரெண்டு நாளா வரேல்ல. உன்ர ஆள் கடலுக்குப் பயந்திட்டானோ?" என்றார்.

பார்த்தால், வானிலைத் தளம் பூட்டை மாற்றியிருக்கிறது. என்னுடைய ஆள் பழைய திறப்பை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். நான்தான் மாதக்கணக்கில் கோபித்துக்கொண்டு அவனைத் தொடாமல் விட்டிருந்தேன். திருத்துவதென்றால் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள் வேண்டும். அவளுடையதைப் போய்ப் பார்த்தேன். பூட்டு மாறின அன்றைக்கே அவள் திருத்தி, புதியதை வெளியிட்டிருந்தாள். கீழே நன்றி, நன்றி என்று நீளத்துக்குக் கிடந்தது. பெட்டிக்குள் போயிருந்தால் அடுத்த வருடம் வரைக்கும் அவளால் கையை வைத்திருக்க முடியாது, வசையெல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருக்கும். அவளைக் கவிழ்க்க எழுதின எழுத்து அவளைக் காப்பாற்றி, இன்னும் ஒரு படி ஏற்றி வைத்திருந்தது.

சொன்னால் வெட்கம். என்னுடையதைக் கழட்டி எறிந்துவிட்டு அவளுடையதைப் பூட்டினேன். அடுத்த நாள் அண்ணன், "இப்ப வேளைக்கே வருது. நீ கெட்டிக்காரிதான்" என்றார். அந்தப் புகழையும் வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

காலபோக நெல் அறுவடை முடிந்து, ஒரு லீவு நாளில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு பை புது அரிசி கொண்டுவந்தாள். அம்மா கணவாய்க் கறி வைத்தார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம் அண்ணன் கரையிலிருந்து இஞ்சினோடு வந்தார். மரத்தாங்கியில் பூட்டினார், துடைத்தார், சாரத்தைப் போர்த்தினார். அவள் எழும்பிக் கையைக் கூப்பினாள்.

"வணக்கம் ஐயா. கன நாளாச்சு. எனக்கு எதிரா எழுதிப்போட்டு இஞ்ச வசதியா இருக்கிறீங்கள், என்ன?"

"இவர் எழுதவும் வெளிக்கிட்டிட்டாரோ?" என்று சிரித்துக்கொண்டு அண்ணன் கிணற்றடிக்குப் போனார். அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் வரை பொறுத்திருந்தேன்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"மாதா படம் எண்ட இடத்திலயே. எந்தக் குளிர்நாட்டுக் கிழவனடி இஞ்சினுக்குச் சாரம் போர்த்துவான்?"

"அப்ப ஏன் கேக்கேல்ல?"

"வாசிச்சனியோ எண்டு கேட்டனான்தானே. இல்லை எண்டாய்." அவள் மேசையில் சிந்தியிருந்த சோற்றை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கினாள். "நீ எழுதினதில பிழையில்லை. நானும் அதைத்தான் யோசிச்சனான். நீ வேண்டாம் எண்டு சொல்லுவாய், அதோட விட்டிடலாம் எண்டுதான் முருங்கனில நிண்டு உனக்குப் போன் எடுத்தனான். நீ ஓம் எண்டாய். உலகத்துக்கெல்லாம் உண்மையைச் சொல்லிப்போட்டு எனக்கு மட்டும் பொய் சொன்னனி."

"எனக்கு உன்னில வயிறெரிச்சல்" என்றேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

"அது ஹொஸ்டலிலயே தெரியும். எரிஞ்சுகொண்டு பிழை காட்டித் தந்தனி. அதுதான் எனக்குத் தேவைப்பட்டது. மற்ற ஆக்கள் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவினம்." அவள் எழும்பிக் கை கழுவப் போனாள்.

வெயில் தாழ, காற்று வாங்கிவிட்டு வருவோம் என்று கரைக்குப் போனோம். காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணனின் படகு இஞ்சின் இல்லாமல் மணலில் கிடந்தது. அவள் படகைச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்தாள். இஞ்சினைப் பூட்டுகிற தடித்த பலகை அங்கே இருக்கிறது, திருகாணி கடித்துக் கடித்து அதில் இரண்டு பள்ளம்.

"இதையும் வீட்டை கொண்டு போவினமோ?"

"இல்லை. அது படகோட கிடக்கும்."

"அண்ணா வேற இஞ்சின் வாங்கினால்?"

"எந்த இஞ்சினும் இந்தப் பலகையிலதான் பூட்டும்."

அவள் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவினாள். "அப்ப பலகை உள்ளுக்குப் போகலாமே" என்றாள்.

பிறகு சொல்லிக்கொண்டே போனாள். போ, கேள், வாங்கி வா என்கிற பிடி மட்டும் நியம நூலகத்துக்குள் இருக்கட்டும். அது மாறப்போவதில்லை. பூட்டுத் திறக்கிற பகுதி தனித் துண்டு. பெட்டியோடு ஒன்று வைத்துக் கொடுப்போம், நெற் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு அது போதும். பூட்டு மாறினால் பெட்டியைத் தொடாமல் அந்தத் துண்டை மட்டும் கழட்டிப் புதியதைப் பூட்டலாம். ஐயோ, எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வேன். நான் தவழ்ந்த காலத்திலிருந்து பார்க்கிற பலகை அது. இஞ்சினை வைத்து உலகத்துக்கே புத்தி சொன்னவள் நான். வயற்காரி ஒருத்தி வந்து ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மொழிக்காரருக்கு இப்பிடி எழுதட்டோ?" என்று கேட்டாள். "நீ என்ன சொல்றாய்?"

எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிறாள். இதற்காகத்தானே இத்தனை நாளும் காய்ந்து கிடந்தேன். வயிறெரிச்சல் வேண்டாம் என்று சொல்லச் சொன்னது. பிழை தேடினேன், நல்லாகவே தேடினேன். யோசனை சரிதான். இந்த முறை உண்மையைச் சொல்லுவோம் என்று நினைத்தேன்.

"ஓம். எழுது. இது சரி வரும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "முருங்கனில நிண்டு கேட்டபோதும் இதே ஓம்தானடி. இதே குரல்."

"மாதா மேல சத்தியமா, இந்த முறை மெய்."

"அவவை விடு, பாவம். ஏற்கெனவே இஞ்சினைப் பாத்துக்கொண்டு இருக்கிறா." சிரிக்கவில்லை அவள். "ஒண்டு செய். அந்த மற்றப் பேரில எழுதித் தா. ஐயா எனக்குப் பொய் சொன்னதில்லை."

எனக்குக் கோபம் வந்தது. நான் முன்னால் நிற்க, இல்லாத மனுசனிடம் கேட்கிறாளே என்று. ஆனால் என்ன நியாயம் சொல்ல இருக்கிறது? படகின் விளிம்பில் ஏறி இருந்தேன். போனில் அந்தப் பழைய கணக்கைத் திறந்தேன். அவளுக்கென்று அந்தப் பெயரில் எழுதினேன். பலகை யோசனை நல்லது என்று எழுதினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிப் போனமுறை வேண்டுமென்றே எழுதாமல் விட்டதை எழுதினேன். பிறகு கை தானாகவே மேலும் எழுதியது. பலகையின் அளவை ஒருமுறை வெட்டிவிட்டால் பிறகு மாற்ற ஏலாது. அதனால் அவசரப்பட வேண்டாம். ஒரு வருடம் வெளியிலேயே வைத்து, நாலைந்து விதமான இஞ்சினைப் பூட்டிப் பார்த்து, அதற்குப் பிறகு உள்ளே கொண்டுபோ.

எழுதி முடித்துத்தான் கவனித்தேன், இந்தக் கடைசி விசயம் நான் வாயால் சொன்ன ஓமில் இருக்கவில்லை. தேடினபோது அது எனக்குத் தட்டுப்பட்டதுதான். சின்ன விசயம் என்று விட்டேன். அவள் அவசரப்பட்டுப் போய் ஒருநாள் கையைச் சுடட்டும் என்று உள்ளுக்குள் எங்கேயோ நினைத்தேனோ, எனக்கே தெரியாது. அனுப்பினேன்.

அவளுடைய போன் சத்தம் போட்டது. காற்றில் பறந்த தலைமயிரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசித்தாள். திரும்பவும் மேலே போய் இரண்டாம் முறை வாசித்தாள். பலகையில் இருந்த பள்ளத்தை ஒருமுறை பார்த்தாள். போனைப் பைக்குள் வைத்தாள்.

"ஐயா சொன்னால் சரி" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மணலில் முன்னால் நடந்தாள். நான் அவளுடைய செருப்புத் தடத்தைப் பார்த்தபடி பின்னால் போனேன். உலகத்தில் எனக்கு இருந்த எல்லா எரிச்சலும் இப்போது அந்தப் பொய்ப்பெயர் ஆளின் மேல்தான் இருந்தது.